புள்ளிக்கோடு

ஜனவரி. மூன்றரைக்கே விளக்கு.
ஓலாந்துத் தீவுகளில் ஒரு தேவாலயத்தின் பின்னறையில்
பழைய பேரேட்டை மென்பொருளுக்குள்
பெயர் பெயராக இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பெயரை இணைத்தால்
உடனே ஒரு கட்டம் கேட்கிறது: என்ன உறவு?
பட்டியலில் ஆறு சொற்கள்.
மணமானவர். மணமுறிந்தவர். நிச்சயிக்கப்பட்டவர்.
சேர்ந்து வாழ்பவர். பிரிந்தவர். தெரியாது.
ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் திறக்காது.

பெரும்பாலானோர் சிரமம் தருவதில்லை.
கப்பல் தச்சன் யோரன், அமாலியா: மணமானவர்.
ஏழு பிள்ளைகள், அதில் மூன்று சின்னச் சவப்பெட்டிகள்,
இரண்டு சொடுக்கு.
உப்புமீன் வியாபாரி க்ளாசும் அவன் மனைவியும்
ஒரே வீட்டில் பதினோரு வருடம் பேசிக்கொள்ளவில்லை.
நீதிமன்றக் குறிப்பில் ஊரே சாட்சி சொல்லியிருக்கிறது.
அவர்களும் மணமானவர்தான்.
மென்பொருளுக்குக் காது கிடையாது.

பிறகு வந்தார்கள் ரக்னில்டும் ஹில்டிங்கும்.

இவள் இந்தத் தீவு, அவன் எதிர்த்தீவு.
நடுவில் இரண்டு கிலோமீட்டர் தண்ணீர்,
மாதத்தைப் பொறுத்துப் பனிக்கட்டி.
முப்பத்தோரு வருடம் சனிக்கிழமை வருவான்,
திங்கள் விடியுமுன் போய்விடுவான்.
அவனுக்கும் ஒரு மாடு இருந்தது, கறக்க வேண்டும்.
மகள் சிக்னேயின் புகைப்படம் உறைக்குள் இருக்கிறது,
மூக்கு அவனுடையது, சந்தேகமே வேண்டாம்.
திருமணப் பதிவு இல்லை. வழக்கும் இல்லை.

1894ஆம் ஆண்டுப் பக்கத்தில் அவள் பெயருக்கு எதிரே
பாதிரியார் ஒரு சொல் எழுதி அடித்திருக்கிறார்.
இன்னொன்று எழுதி
அதையும் அடித்திருக்கிறார், மை ஊறித் தாள் கிழியும் அளவுக்கு.
கடைசியில் ஓரத்தில், பொடி எழுத்தில்:
சனிக்கிழமை.

என் பட்டியலில் சனிக்கிழமை இல்லை.

சேர்ந்து வாழ்பவர் என்றால், எங்கே சேர்ந்து?
கூரை இரண்டு, அடுப்பு இரண்டு, வரிச்சீட்டு இரண்டு.
பிரிந்தவர் என்றால் ஆம், தண்ணீரால்.
நிச்சயிக்கப்பட்டவர்?
நிச்சயம் அவர்களிடம் இருந்தது.
நிச்சயித்தவர்தான் யாருமில்லை.

அடுத்த கட்டம்: உறவு முடிந்த தேதி.
ஹில்டிங் இறந்தது 1911 மார்ச்.
எண்ணை அடிக்கப் போன விரலை
வேறொரு கணக்குப் புத்தகம் நிறுத்தியது.
பனிவழி உறைந்ததும் ஆள் வழி தப்பாமல் இருக்க
தளிர்மரக் கிளைகளை வரிசையாக நட வேண்டும்,
ஒவ்வொரு கரையும் தன் பாதிக்குப் பொறுப்பு.
1912, பிப்ரவரி:
ரக்னில்ட், முழு நீளமும், தனியாக. கூலி வாங்கவில்லை.

முடிந்த தேதியைக் காலியாக விட்டேன்.
உறவில் 'தெரியாது' என்று தொட்டேன்.
எனக்குத் தெரியும், ஆனாலும் தொட்டேன்.
வெள்ளைத் திரையில் இரண்டு பெயர்களுக்கு நடுவே
மென்பொருள் ஒரு புள்ளிக்கோடு போட்டது.
கறுப்பு, இடைவெளி, கறுப்பு, இடைவெளி,
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை.
கொஞ்ச நேரம் கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொறியிலாளர் யாரோ, நல்ல மனிதர்.
வேண்டாத ஒரு சொல்லுக்கு
இப்படி ஒரு கோடு வைத்திருக்கிறார்.

கடைசியில் என் பெயரையும் ஏற்ற வேண்டும், விதி அது.
நானும் பெரியேவும். பத்தொன்பது வருடம்.
அவன் வீடு துறைமுகத்தில், என் வீடு மலைமேல்.
என் வீட்டில் அவன் பல்துலக்கி இருக்கிறது,
அவன் வீட்டில் என் அலகுக்கத்திரி,
அதைத் திருப்பிக் கேட்டு நான்கு வருடமாகிறது.

தொலைபேசியில் கேட்டேன்: நமக்கு என்ன போடட்டும்?
மீன் பொரியும் சத்தம் கேட்டது.
"ரொட்டி இல்ல, வாங்கிட்டு வா" என்றான்.
"அந்தக் கட்டம் எங்கயும் ஓடிப்போகாது."

அடுத்த பக்கம் திறக்கவில்லை.
திரையை மட்டும் அணைத்துவிட்டு
கோட்டைத் தேடினேன். கடை ஐந்துக்கு மூடிவிடும்.